படி மிதிக்க வேணாம்

ஸகியா: சப்பாத்தக் கழட்டினாப் போதுமா? கால் மேஸயும் கழட்டுங்க மச்சான்! சித்திர வெயில்ல ஊட்டுக்குள்ள ஆரும் மேஸ் போட்டுக்கிட்டு இரிப்பாங்களா?

ஹஸன்: இரிக்கட்டும் ஸகியா. சவூதியில போட்டுப் போட்டுப் பழகிட்டு.

ஸகியா: மூணு வருஷத்துல பழகினத நான் மூணு நாளையில மறக்க வைக்கிறன். காலை நீட்டுங்க.

ஹஸன்: உடு புள்ள... உடு எண்டா! வந்து அரை நாள் ஆகல்ல, அதுக்குள்ள...

ஸகியா: அதுக்குள்ள என்ன?

ஹஸன்: அதிகாரமா எண்டு கேட்டன்.

ஸகியா: ஊடு என்டது. வாப்பா எனக்குத் தந்த சீதனம். அதிகாரம் இரிக்கித்தான்.

ஹஸன்: ஓம் ஓம்... இந்தக் கதையக் கேக்காம காதே அடைச்சிப் போச்சு. அது சரி, வளவுக்குள்ள என்ன, மணல் குவிஞ்சி கிடக்கு?

ஸகியா: அதுவா... கோழி கிளறத்தான்.

ஹஸன்: கோழிக்கி ஒரு வண்டில் மணலா?

ஸகியா: கதைய மாத்தாதீங்க. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. வுழூ எடுக்கக்குள்ள காலைக் கழுவித்தானே ஆகோணும்?

ஹஸன்: மேஸுக்கு மேலால ஈரக்கையத் தடவினாப் போதும். பயணத்துல இரிக்கிறவனுக்கு மூணு நாள் சலுகை இரிக்கி.

ஸகியா: அது தோல் மேஸுக்கு! இது நைலோன். மறுகா, பொண்டாட்டிட ஊட்ட வந்து சேந்த ஆளுக்கு என்ன பயணம்?

ஹஸன்: ஒரு மௌலவியக் கலியாணம் முடிச்சது என்ட பிழ.

ஸகியா: பிழதான். சரி... கழட்ட வேணாம். அந்தப் பனிக் கதையையாவது சொல்லுங்க. கார்த்திகையில எழுதினீங்களே, மலையில பனி விழுமாம் எண்டு.

ஹஸன்: அதுக்கு நீ கசட்டுல பேசி அனுப்பின மறுமொழி ஞாபகம் இரிக்கா?

ஸகியா: தலையில துவாயக் கட்டுங்க, நெஞ்சில கோடாலித் தைலம் பூசுங்க எண்டு சொன்னன். பனிக்கு வேற என்ன செய்ற?

ஹஸன்: கேம்ப்ல பதினாறு பேர் சுத்தி இருந்து கேட்டாங்க. இப்றாஹிம் உருண்டு உருண்டு சிரிச்சான்.

ஸகியா: பக்கத்து ஊட்டுச் சுபைறாட மாப்பிள்ளையா? அவரு எதுக்குத்தான் சிரிக்கல்ல...

ஹஸன்: நீ நினைச்ச பனி வேற புள்ள. நம்முட பனி வயல்ல புல்லுல கிடக்கும், வெயில் ஏறக் காயும். அந்தப் பனி... கல்முனைச் சந்தையில மீனுக்கு ஐஸ் போடுவாங்கல்லா? அத இடிச்சித் தூளாக்கி வானத்துல இருந்து கொட்டினாப் போல.

ஸகியா: பாலைவனத்துலயா? பொய்!

ஹஸன்: அல்லாஹ்வுக்காகச் சொல்றன். மாசிக் கடைசி. குளிர் முடிஞ்சிட்டு எண்டு கம்பளியெல்லாம் மடிச்சி வெச்சிட்டம். காலையில மணல் காத்து தொடங்கின. ஒரு முழத்துக்கு அங்கால ஆள் தெரியா. நம்முட எழுபத்தெட்டுச் சூறாவளி ஞாபகம் இரிக்கா?

ஸகியா: மறப்பனா? கூரை போய், ரெண்டு பேரும் கட்டிலுக்குக் கீழ கிடந்தம். நான் அழ அழ நீங்க சிரிச்சீங்க.

ஹஸன்: சிரிச்சது பயத்துல. அதே சத்தம்தான். கேம்ப்ட தகரம் பறந்த. மறுகா மழ. தண்ணியே இல்லாத ஆத்துல வெள்ளம் பாஞ்சி வருது! மழ நிண்ட பொறகு பாத்தா... ஒரு சத்தமும் இல்ல. அண்ணாந்து பாக்கன், மல முழுக்க வெள்ள. செத்தவங்களுக்குக் கபன் போத்தினாப் போல.

ஸகியா: ஸ்ஸ்... அப்பிடிச் சொல்லாதீங்க!

ஹஸன்: ஒட்டகத்துட முதுகுலயும் வெள்ள. ஆடு மேய்க்கிற கிழவன் ஒருத்தர் ‘தல்ஜ், தல்ஜ்’ எண்டு கத்திக்கிட்டு ஓடுறார். அரபியில அதுக்கு அதுதான் பேர். நம்மக்கிட்ட அதுக்குச் சொல்லே இல்ல ஸகியா. அதான் பனி எண்டு எழுதினன்.

ஸகியா: நீங்க எங்க நிண்ட?

ஹஸன்: கேம்ப்லதான்.

ஸகியா: கேம்ப்ல நிண்ட ஆளு ஒட்டகத்த எங்க கண்ட?

ஹஸன்: சரி... ரோட்டுல நிண்டன்.

ஸகியா: புயலுக்குள்ள ரோட்டுல என்ன வேல?

ஹஸன்: தண்ணி லொறி தபூக் டவுனுக்குப் போன. நானும் ஏறினன். நடுவழியில லொறி சேத்துல புதைஞ்சிட்டு. கிட்டத்தட்ட ஆறு மைல் நடந்தன். கால்ல ரப்பர் அடி போட்ட துணிச் சப்பாத்து. மறுகா பட்டாளத்து வண்டி ஒண்டு வந்து ஏத்தின. அவ்வளவுதான், முடிஞ்சி.

ஸகியா: முடியல்ல. டவுன்ல என்ன அலுவல்?

ஹஸன்: சும்மா...

ஸகியா: சும்மா ஆரு புயலுக்குள்ள போவாங்க?

ஹஸன்: தேத்தண்ணி ஊத்து புள்ள. தொண்ட காஞ்சி போச்சு.

ஸகியா: ஊத்துறன். முதல்ல இந்தப் பையில இரிக்கிற அழுக்குச் சட்டைய எடுத்து... இதென்ன? சட்டைப் பைக்குள்ள கடிதம்...

ஹஸன்: அத வை! ஸகியா, அத எடுக்காத!

ஸகியா: மையெல்லாம் கரைஞ்சி கிடக்கு. என்ட பேரு... முத்திரை கூட ஒட்டியிரிக்கி. தபால்ல போடவேயில்லையே!

ஹஸன்: பழைய கடிதம். கிழிச்சிப் போடு.

ஸகியா: இரிங்க... ‘படி மிதிக்க வேணாம் எண்டு சொன்ன என்ட மச்சிக்கு...’ மச்சான். இது நான் கசட்டுல சொன்ன சொல்லுல்லா?

ஹஸன்: ஓம். ரெண்டாம் பக்கத்துல. துவாய்க் கதைக்கிப் பொறகு. நல்லகாலம், அந்தப் பக்கத்த நான் தனியத்தான் கேட்டன்.

ஸகியா: கார்த்திகைக்குப் பொறகு ரெண்டு மாசமா ஒரு துண்டும் வரல்ல எண்டு... கோபத்துல... ‘இனியும் கடிதம் போடாட்டி என்ட ஊட்டுப் படி மிதிக்க வேணாம்’ எண்டு...

ஹஸன்: அந்தக் கசட் கைக்கி வந்தது புயலுக்கு முதல் நாள். உடனே எழுதிட்டன். கேம்ப்ல தபால் எடுக்க இன்னும் நாலு நாளாகும் எண்டாங்க. நான் நிக்கல்ல. லொறியில ஏறிட்டன்.

ஸகியா: யா அல்லாஹ்... இந்தத் துண்டுக் கடதாசிக்காகவா? என்ட வாயில வந்த ஒரு சொல்லுக்காகவா அந்த நாலு விரலும் போன?

ஹஸன்: இரி புள்ள, இரி...

ஸகியா: சொல்லுங்க மச்சான்!

ஹஸன்: நாலு விரலா?

ஸகியா: ஓம்... நாலு.

ஹஸன்: நான் விரலப் பத்தி ஒண்டும் சொல்லல்லையே ஸகியா. மேஸும் இன்னும் கால்லதான் கிடக்கு.

ஸகியா: இப்றாஹிம் சுபைறாவுக்கு எழுதியிரிக்கார். போன கிழம வந்து வாசிச்சிக் காட்டினா. பனியில விறைச்சிக் கறுத்துப் போய்... ஆசுபத்திரி... இடக்கால்ல நாலு விரல்... எல்லாம் இரிந்த. எதுக்குப் போனீங்க எண்டது மட்டும் இல்ல.

ஹஸன்: அது அவனுக்கும் தெரியா. ஆருக்கும் சொல்லல்ல. எழுதாத எண்டு சத்தியம் வாங்கினன், படுபாவி...

ஸகியா: என்னாலதான்... நான்தான் உங்கட காலை...

ஹஸன்: அழாத. பனி செஞ்ச வேல. நீ செஞ்சதில்ல. உனக்கு இதத் தெரிய வைக்கப்படாது எண்டுதான் கடிதத்த ஒளிச்சன். கிழிக்கவும் மனம் வரல்ல... அப்ப, எல்லாம் தெரிஞ்சிக்கிட்டா காலையில இருந்து மேஸக் கழட்டு கழட்டு எண்டு நிண்ட?

ஸகியா: நீங்களாக் கழட்டோணும். என்ட ஊட்ட வந்தும் ஒளிக்கோணுமா?

ஹஸன்: பயம் புள்ள. பிளேன்ல வரக்குள்ள உன்ட முகத்தக்கூட நினைக்கல்ல. நம்முட வாசல்ல மூணு படி, அதைத்தான் நினைச்சன். உசந்த படி. ஊரே பாத்துக்கிட்டு நிக்க, தடக்கி விழாம எப்பிடி ஏறுற எண்டு... கடைசியில சனம் கட்டிப்பிடிச்சித் தள்ளிக்கிட்டு வந்ததுல கீழ பாக்கவும் இல்ல. எப்பிடி ஏறினன் எண்டே தெரியா.

ஸகியா: நீங்க ஏறல்ல மச்சான். மிதிக்க வேணாம் எண்டு நான் சொன்ன அந்த மூணு படியையும் முந்தாநாள் முருகேசு மேசனக் கூப்பிட்டு உடைச்சி, மணல் போட்டுச் சரிவாக்கிட்டன்... மிச்ச மணல்தான் கோழிக்கி.