கல்லுல எழுதுற பேனாவும் ஐரின் டீச்சர் டிஸ்கும்

மூடியத் தொறந்து நீங்களே ஒருக்கா மோந்து பாருங்கண்ணே. நாறுதுல்ல? மூக்குக்குள்ள ஊசி ஏத்துன மாதிரி சுர்ருங்குதுல்ல? அப்ப இது ஸ்பிரிட் பேனா. இத இங்கிட்டு வைங்க. இல்லல்ல, உள்ள போட்றாதீங்க, ஓரமா இருக்கட்டும். இன்னும் முடிவு பண்ணல. அடுத்தத எடுங்க. ம்ம்... இதுல வாசமே இல்ல. தண்ணி மை. இது அங்கிட்டு.

என்னண்ணே அப்பிடிப் பாக்குறீங்க? அய்யய்யோ, அந்த மாதிரிப் பையன் இல்லண்ணே நானு. போதைக்கு மோந்து பாக்குறவன் கல்லாவுக்கு முன்னாடி நின்னா மோந்து பாப்பான்? எம்பேரு ஸ்டீபன். வீடு கோச்சடை. பதினொண்ணாப்பு படிக்கிறேன். ஒரு டிஸ்க் மேல பேர் எழுதணும், அதுக்குத்தேன் பேனா. ஆமா, சி.டி.தேன். வெள்ளியா, வட்டமா, ஆட்டோ பின்னாடி தொங்குமே, அதே.

இந்தக் காலத்துல சி.டி. யாரு கேக்குறாங்களா? பதினோரு பேர் கேக்குறாங்கண்ணே. எங்க சர்ச்சுல வயசாகி வீட்டோட கிடக்கிறவங்க. போன்ல அனுப்புனா, சொந்தக்காரங்க அனுப்புற குட்மார்னிங் பூவுக்குள்ள அமுங்கிப் போயிருதாம். டிஸ்க்கா இருந்தா கையில பிடிச்சுக்கிரலாம், பெட்டியில போட்டா பேசும். அதனால ஞாயித்துக்கிழம ஐயா பண்ற பிரசங்கத்த நான் பதிவு பண்ணி, பதினோரு டிஸ்க் எழுதி, சைக்கிள்ல கொண்டு போயிக் குடுப்பேன். டிஸ்க் எழுதுற டிரைவு வச்ச கம்ப்யூட்டரு சபையிலேயே எங்க வீட்ல மட்டுந்தேன் இருக்கு. பழசு. போடுறப்ப கிரைண்டர் மாதிரிச் சத்தம் வரும்.

ஐயான்னா போதகர் ஞானசீலன் ஐயா. அவரு பேச்சக் கேட்டிருக்கீங்களா? தொண்டைக்குள்ள ஒரு சொம்புத் தண்ணி தளும்புற மாதிரியே இருக்கும். பிரியமானவர்ர்ர்களே... இந்தக் காலை வேளையிலே... உங்கள் இருதயம் எங்கே இருக்கிறது... திரும்பிப் பாக்காதீங்கண்ணே, பின்னாடி யாரும் வரல. நாந்தேன். எல்லாக் குரலும் வரும் எனக்கு. எங்க ஹெச்செம் குரல்ல போன் பண்ணி பி.டி. சாரையே வெயில்ல ரெண்டு ரவுண்டு ஓட விட்டிருக்கேன். உங்க குரல் கூட இந்நேரம் பிடிச்சாச்சு. பேனா வாங்குறியா, இல்ல மோந்துட்டே நிக்கப் போறியா? எப்பிடி? கோவிச்சுக்காதீங்க, ஒரு வெளாட்டுக்கு.

சரி, விசயத்துக்கு வாரேன். டிஸ்க் மேல எப்பவும் தேதி எழுதிக் குடுப்பேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி பேனா தீந்து போச்சு. எங்க மாமா மேலூர்ல கிரானைட் பட்டறையில வேல பாக்குறாரு. அறுத்த கல்லு மேல நம்பர் போடுறதுக்கு ஒரு மார்க்கர் வச்சிருப்பாக, தடியா, காட்டமா. மழ பேஞ்சாலும் அழியாது, லாரியில தேச்சாலும் அழியாது. கல்லுலயே அழியலேன்னா டிஸ்குல அழியுமாடான்னு மாமா பெருமையாத் தூக்கிக் குடுத்தாரு. நானும் பதினோரு டிஸ்க்லயும் கொட்ட எழுத்துல தேதி, ஐயா பேரு, குறை இருந்தால் அழைக்கவும்னு என் நம்பர் எல்லாம் போட்டு நெரப்பிட்டேன்.

எழுத்து அழியலண்ணே. டிஸ்க்தேன் அழிஞ்சு போச்சு.

சிரிக்காதீங்க. எனக்கும் அப்பத்தேன் தெரியும். பளபளன்னு இருக்கிற கீழ்ப் பக்கந்தேன் முக்கியம், மேல் பக்கம் சும்மா மூடின்னு நெனச்சுட்டு இருந்தேன். டிஸ்க்கத் தூக்கிட்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற ராம்கி அண்ணன்ட்ட ஓடுனேன். அவரு வாய்ல எப்பவும் ஒரு மிட்டாய் ஒதுங்கிக் கிடக்கும், பேச்சு கொழகொழன்னுதேன் வரும். டேய் மடையா, பேச்செல்லாம் மேல் பக்கத்துக்கு அடியிலதாண்டா இழுக்கு. அதுக்கு மேல ஒழு வார்னிழ் பூச்சு, அம்புட்டுதேன். ஸ்பிழிட்டு அந்தப் பூச்சத் தின்னுட்டு உள்ள எழங்கிழுச்சுடா. இப்பிடித் திட்டுனாரு. பால் பாயிண்ட் பேனான்னா கீறிருமாம். ஸ்டிக்கர் ஒட்டுனா சுத்துறப்ப ஆடுமாம். நுனி மெத்துன்னு இருக்கணும், தண்ணி மையா இருக்கணும், அழுத்தாம எழுதணும். அதுலயும் ரொம்பப் பத்திரம், நடு ஓட்டையச் சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு வளையம் இருக்குல்ல, அங்க எழுதுறது. அதுக்கு அடியில பேச்சே கிடையாதாம், வெறும் பிளாஸ்டிக்கு.

அதுக்குள்ள ஊர் பூரா வெனை நடந்து போச்சுண்ணே. அந்த வாரம் ஐயா நோவாவோட பேழையப் பத்திப் பேசிருந்தாரு. நீளம் எத்தன முழம், அகலம் எத்தன முழம்னு நாப்பது நிமிசம். வில்லாபுரத்துல ஞானம் தாத்தான்னு ஒருத்தரு. டிஸ்க்கப் போட்டா, பேழை பேழை பேழை பேழைன்னு ஒரே எடத்துல நிக்குது. தாத்தா ஏதோ புதுசா தியானம் குடுத்திருக்காகன்னு கைகூப்பி உக்காந்துட்டாரு. கரண்டு போற வரைக்கும் எந்திரிக்கலயாம். மறுநாள் எனக்குப் போன் போட்டு, மனசு லேசா இருக்கு தம்பி, அடுத்த வாரமும் இதே மாதிரி குடுங்கங்குறாரு.

ஐரின் டீச்சர் அப்பிடி விடுற ஆளா? மிஷன் ஸ்கூல்ல முப்பத்தாறு வருசம் கணக்கு எடுத்தவங்க. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கிடந்தாலும் குரல் மட்டும் கரும்பலகைக்குப் பக்கத்துலயே நிக்கும். யார்ரா அது? டிஸ்க்க ரிப்பேர் பண்ணிட்டு வர்றியா, இல்ல ஞானசீலனக் கூப்பிடவா? அவன எனக்கு அஞ்சாப்புலருந்து தெரியும்! நான் வாசல்ல சைக்கிள நிறுத்துனதுமே இப்பிடி. நம்ம ஐயாவையே அவன் இவன்னு பேசுற ஒரே ஆளு. மறுபடி எழுதிக் குடுக்கலாம்னா கம்ப்யூட்டர்ல மூலப் பதிவு இல்ல. கேம் போட எடம் பத்தலன்னு நாந்தேன் அழிச்சுட்டேன். என்ன பண்றது? ரெண்டு நாள் கழிச்சு வேற டிஸ்க் ஒண்ணு கொண்டு போயிக் குடுத்தேன். அதுல ஐயா குரல்ல வேற ஒரு செய்தி. பயத்துல அதுமேல ஒண்ணுமே எழுதல, மொட்டையாக் குடுத்தேன்.

அங்கதேண்ணே கதையே மாறுச்சு.

டீச்சருக்கு ஒரு தங்கச்சி. ஜெஸி டீச்சர், அவங்களும் அதே ஸ்கூல், தமிழ். ரெண்டு பேருக்கும் பதினாலு வருசமாப் பேச்சு கிடையாது. எதுக்குன்னு சொன்னா அடிக்க வருவீங்க. சர்ச்சுல ரெண்டாவது பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழ ஒரு ஆளு உக்காற எடம். அதுக்கு. ஒரு ஈஸ்டர் அன்னைக்கு தங்கச்சி முந்திப் போயி உக்காந்துட்டாங்க, அக்கா நின்னுக்கிட்டே ஆராதனை முடிச்சாங்க. அம்புட்டுதேன். அன்னையோட சரி. இதுல என்ன கொடுமன்னா, அக்கா படுக்கையில விழுந்ததுக்கப்புறம் ஃபேன் எடம் சும்மாத்தேன் கிடக்கு. ஜெஸி டீச்சர் அங்க உக்காற மாட்டாங்க. பெஞ்சு ஓரத்துல வேத்து விறுவிறுத்துப் போயி உக்காந்திருப்பாங்க. வேற யாரும் அந்த எடத்துக்கு வந்தா ஹேண்ட்பேக்க எடுத்து வச்சிருவாங்க.

அந்த மொட்ட டிஸ்க்ல செய்தி என்ன தெரியுமா? பிரியமானவர்ர்ர்களே... பரலோகத்தில் ஃபேன் இல்லை. ஆகையால் பூமியில் ஃபேனுக்காகப் பிரிந்தவர்கள், பரலோகத்தில் எதற்காகச் சேரப் போகிறீர்கள்? போனை எடுங்கள். இன்றைக்கே எடுங்கள். இப்பிடிப் போகும். பன்னெண்டாவது நிமிசத்துல பட்பட்டுன்னு கதவு தட்டுற சத்தம் கேக்கும், எதிரொலியோட. அந்த எடத்துலதேன் டீச்சர் ஓன்னு அழுதுட்டாங்களாம். அன்னைக்கே தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டாங்க. ஜெஸி டீச்சர் ஆட்டோ பிடிச்சு வந்து எறங்குனவங்கதேன், அஞ்சாறு மாசமா திரும்பிப் போகல. அங்கயே இருக்காங்க. தெனம் சாயங்காலம் காப்பி குடிச்சுட்டு அந்த டிஸ்க்கப் போட்டுக் கேக்குறாங்க. கதவு தட்டுற எடம் வந்தா ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிருவாங்களாம்.

நல்ல கதைதானேன்னா? நல்ல கதைதேன். அதுல எனக்கு என்ன கஷ்டம்னா, வர்ற ஞாயித்துக்கிழம ஐரின் டீச்சருக்கு எம்பது வயசு. சர்ச்சுல ஸ்தோத்திரக் கூட்டம். வீல்சேர்ல கூட்டிட்டு வர்றாக. அங்க அந்த டிஸ்க்க மைக்குல போட்டு சபை பூராக் கேக்கணுமாம், ஐயாவ முன்னாடி உக்கார வச்சு. சும்மா மொட்டையா இருக்கே, பேர் எழுதிக் கொண்டான்னு நேத்து எங்கிட்டக் குடுத்துவிட்டாங்க. இந்தா, பையிலதேன் இருக்கு. தொடாதீங்க, ரேக பதிஞ்சிரும். இது ஒண்ணுதேன் இருக்கு, காப்பி கிடையாது.

இப்ப சொல்லுங்க. அந்த ஓரமா வச்சோம்ல, ஸ்பிரிட் பேனா, அதுல எழுதுனா எத்தன நாள்ல உள்ள எறங்கும்? மாமாவோட பேனா அஞ்சு நாள் எடுத்துச்சு. இன்னைக்கு வெள்ளி. வெயில்ல வச்சா ஞாயித்துக்கிழம காலையிலக்குள்ள... இதவிடக் காட்டமா எதுவும் இல்லையாண்ணே? பத்திரமான பேனா தெரிஞ்ச பய எதுக்குக் காட்டமாக் கேக்குறேன்னா... சும்மா, ஒரு தகவலுக்குத்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் பத்திரம் ஒவ்வொரு மாதிரிண்ணே. டிஸ்க்குப் பத்திரம் வேற, எம்முதுகுப் பத்திரம் வேற.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. அய்யோ, அவங்கதேன். அண்ணே, தயவுசெஞ்சு சத்தம் காட்டாதீங்க.

ஸ்தோத்திரம்மா... கர்த்தருடைய கிருபையினாலே நல்லா இருக்கேன்... ஹாரன் சத்தமா? ஒரு வீட்டு ஜெபத்துக்கு வந்தேன்மா, ரோட்டு மேல வீடு... ஸ்டீபனா? நல்ல பிள்ளை. கொஞ்சம் சேட்டை. அடிக்கக் கூடாது, அன்பாத்தான் திருத்தணும்... டிஸ்க் பத்திரமா இருக்கு... என்னம்மா, ரெண்டு பேர் பேரும் எழுதணுமா? எழுதச் சொல்றேன்... யார் பேர் முதல்லயா? அது நீங்களே... ஜெஸிம்மா, கத்தாதீங்க, இங்க கேக்குது... அக்கான்னா முதல்லயா, டிஸ்க்கத் தெனம் துடைக்கிறவங்க முதல்லயா... எந்திரிக்காதீங்கம்மா! பையை எடுத்துட்டுக் கிளம்பாதீங்க! அம்மா, ஐரினம்மா, அவங்களை உக்காரச் சொல்லுங்க... என்னது, இந்த டிஸ்க் ஒரு நாள் ஓடலேன்னாலே ரெண்டு பேருக்கும் ஆரம்பிச்சிருதா? நேத்து டிஸ்க் இல்லாததுல இருந்தே ஆரம்பிச்சிருச்சா?

...

பிரியமானவர்களே, ரெண்டு பேரும் கேளுங்க. டிஸ்க் வட்டமா இருக்கு. நடுவுல ஒரு வளையம் இருக்கு. அதைச் சுத்தி ஐரின் ஜெஸி ஐரின் ஜெஸின்னு எழுதிட்டா அதுல முதலும் இல்லை, கடைசியும் இல்லை... ஆமாம்மா... ஆமா, ஃபேன் சுத்துற மாதிரிதான்... அழாதீங்க... சரிம்மா. வச்சிடறேன். ஆமென்.

என்னண்ணே, வாயத் தொறந்தபடியே நிக்கிறீங்க? ஈ போயிரும். ஆமா, அந்தச் செய்தியும் நாந்தேன். ஐயா ஃபேனப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல, அவருக்குப் பேழைய விட்டா வேற தெரியாது. எங்க வீட்டு பாத்ரூம்ல வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து பேசுனேன், எதிரொலி வேணும்ல. அந்தக் கதவு தட்டுற சத்தம் எங்கம்மா. உள்ள போயி ஒரு மணி நேரமாச்சேடா, சீக்கிரம் வெளிய வாடான்னு தட்டுனது. குறை இருந்தால் அழைக்கவும்னு நம்பர் போட்டேன்ல, அது ஐயா நம்பர்னு நெனச்சு மொத நாள் டீச்சர் கூப்பிட்டாங்க. பதட்டத்துல அந்தக் குரலே வந்துருச்சு. அன்னைல இருந்து தெனம் ஜெபம் பண்ணி விடுறேன்.

அந்த ஓரத்துல கிடக்குற காட்டப் பேனாவ எடுத்து உள்ள வைங்கண்ணே. கண்ணுல படாத எடத்துல வைங்க. அந்தத் தண்ணி மை குடுங்க, மெல்லிசு நுனி. வளையத்துல ரெண்டு பேரையும் ரெண்டு தடவ எழுத எடம் கொஞ்சந்தேன் இருக்கு. கறுப்பு வேணாம், நீலம். இங்கயே எழுதிட்டுப் போறேன், அந்த ஃபேன நிப்பாட்டுங்க, டிஸ்க் பறந்துரும்.

ஞாயித்துக்கிழமையா? சபை பூராக் கேக்கத்தேன் போகுது, ஐயாவும் கேக்கத்தேன் போறாரு. அதுக்குள்ள நாளைக்குக் காலையில நானே அவரு வீட்டுக்குப் போயிச் சொல்லிரலாம்னு இருக்கேன். என்ன சொல்லணும்னு கூட யோசிச்சிட்டேன்.

எந்தக் குரல்ல சொல்றதுன்னுதேன் தெரியலண்ணே.