மாஸ்டருக்கு எதிர் நாற்காலி

"ஏன்க்கா, இங்க எல்லாத்துக்குமே ஒரு ரூல் இருக்கா?"

"இருக்கு."

"தும்மறதுக்கு?"

"கைக்குட்டைக்குள்ள தும்மணும். படிக்கிற அறையா இருந்தா வெளிய போய்த் தும்மணும்."

"வெளிய போறதுக்குள்ள வந்துட்டா?"

"மன்னிப்புக் கேக்கணும்."

"நான் கேக்கணுமா, தும்மல் கேக்கணுமா?"

என் தங்கை எங்கள் வளாகத்துக்குக் குடிவந்த அன்று, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்ட கேள்விகள் இவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் எனக்கு எப்போதுமே சிரிப்பு வந்துவிடும். நான் அவளை வெறுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இந்த நாற்காலியைக் கொஞ்சம் நேராகப் போட்டுக்கொள்கிறேன். கோணலாக இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

எங்களுடையது வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மட்டும் குடியிருக்கும் வளாகம். ஆளுக்கொரு சின்ன வீடு. மற்றதெல்லாம் பொது. துணி துவைக்கும் இடம் பொது, படிக்கும் அறை பொது, விளையாட்டுக் கூடம் பொது, அதை ஒட்டிய நீராவி அறையும் பொது. பொது என்றாலே சண்டைதான். ஒருவர் துணியை மெஷினில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இன்னொருவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போவார். நான் வேலை பார்த்த காலமெல்லாம் மாணவியர் விடுதியில் வார்டன். அதனால் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பட்டப்பெயரும் வார்டன்தான். நான் கோபித்துக்கொண்டதில்லை. நான் வந்தபிறகு அங்கே சண்டை குறைந்தது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

டிராயிங் மாஸ்டரைப் பற்றி நீங்களே கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்தவர். மனைவி போய் வெகுநாளாகிறது. மாலையில் கூடத்துக்கு வந்து கேரம் ஆடுவார். ஆட்டம் முடிந்ததும் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பலகையிலிருக்கும் பவுடரைத் துடைப்பார். பிறகு நாற்காலியைத் தூக்கி உள்ளே வைப்பார். இழுக்க மாட்டார், தூக்குவார். நாற்காலியைத் தூக்கி வைக்கிற ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது. மரியாதை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கேரம் ஜோடி ஆட்டத்தில் ஜோடி பக்கத்தில் உட்காராது, எதிரே உட்காரும். ஆட்டம் முடிகிறவரை அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டிருந்தவர் ஒரு பழைய தபால்காரர். அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். நாற்காலி காலியானது. காலியான இடத்துக்கு யார் முதலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்களோ அவர்கள் உட்காரலாம் என்பது கூடத்தின் ஒழுங்கு. முதலில் காத்திருந்தது நான்தான். ஆனால் பெயர் கொடுக்க வேண்டியதும் என்னிடம்தான். என்னிடமே நான் எப்படிப் பெயர் கொடுப்பது?

மாஸ்டரிடம் நேரே கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கூடத்தில் ஆளில்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஆடிப் பழகியும் வைத்திருந்தேன். சிவப்புக் காயை ஓரத்திலிருந்து எடுக்க எனக்கு நன்றாக வரும். ஒருநாள் கேட்டே விடுவதென்று அவர் மேஜைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வாய்வரை வந்தது திரும்பி வயிற்றுக்கே போய்விட்டது. அவராகக் கேட்பார் என்று இருந்தேன். கேட்டிருப்பார். இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருந்தால் கேட்டே இருப்பார்.

அதற்குள் தங்கை வந்தாள். வந்த வாரமே கூடத்துக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இது காலியா மாஸ்டர்? உக்காரட்டுமா?"

"தாராளமா."

அவ்வளவுதான். அவர் எழுந்து அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். தூக்கவில்லை, இழுத்தார். தரையில் ஒரு கோடு விழுந்தது. பிறகு நான் ஈரத்துணி கொண்டு துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

அவள் எதையும் பிடுங்கவில்லை. கேட்டாள், கிடைத்தது. சின்ன வயதிலும் அப்படித்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டும் என்பாள், கிடைக்கும். நான் நடுவில் உட்கார்ந்து அவள் தலைக்கு மேலாக வெளியே பார்ப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாமல் போனது. மாலை ஆட்டம் தொடங்கிவிட்டால் நான் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். குழாய்களை இறுக்குவேன். செய்தித்தாள்களின் ஓரங்களைத் தட்டிச் சேர்ப்பேன். எல்லாம் சேர்ந்த பிறகும் தட்டுவேன். பல் டாக்டர் என்று ஒருவர், கூடத்தின் கோமாளி. "வார்டன்மா, நீங்க நடக்கிற நடைக்குத் தரைக்கு மறுபடி சிமெண்ட் பூசணும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தங்கையின் சிரிப்புத்தான் மேலே கேட்கும். மாஸ்டர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"உனக்கு ஆட ஆசையாக்கா? சொல்லு, நான் எழுந்துக்கறேன்."

"எனக்கு எவ்வளவோ வேலை கிடக்கு."

"ஆசையிருந்தா வாயத் திறந்து சொல்லேன். உன் மனசுல இருக்கிறதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஆயுசு போதல."

"போடி, பிதற்றாதே."

அவள் நல்லவள். நான்தான் சொன்னேனே.

ஆனால் பொது இடத்தில் அவளுக்கு ஒழுங்கு கிடையாது. அதையும் நான் சொல்லியாக வேண்டும். படிக்கும் அறையில் பாட்டு முணுமுணுப்பாள். மற்றவர்கள் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தன் துணியைப் போடுவாள். நீராவி அறைக்குப் போனால் செருப்பை நடைபாதை நடுவிலேயே உதறிவிட்டுப் போவாள், ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற. ஒருமுறை ஒரு பெரியவர் அதில் தடுக்கி விழத் தெரிந்தார். அப்புறம் கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம். வழியில் செருப்புக் கிடந்தால், பார்ப்பவர் எடுத்துச் சுவரோரம் இருக்கும் அடுக்கில் வைத்துவிட வேண்டும். நான் கொண்டுவந்த முடிவு. ஏகமனதாக நிறைவேறியது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டிப் பெருக்க வரும் பெண்ணுக்கு வேறொரு வழக்கம் இருந்தது. நீராவி அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. பார்க்க வருகிற பேரப்பிள்ளைகள் உள்ளே போய்விடக் கூடாதென்று போட்டது. வேலை முடிந்து போகும்போது அவள் கதவின் முன்னால் தரையைப் பார்ப்பாள். செருப்பு இருந்தால் உள்ளே ஆள். இல்லையென்றால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவாள். கதவைத் திறந்து எட்டிப் பார்க்க மாட்டாள். அரைகுறை உடையில் இருக்கிறவர்களுக்குக் கூச்சம் என்று நான்தான் அப்படிச் சொல்லிவைத்திருந்தேன். கதவுக்கு வெளியே சுவரில் இருக்கும் ஆவி மெஷினின் குமிழையும் அவள் தொடக் கூடாது. அது தானாக நிற்கும். அதுவும் நான் சொன்னதுதான்.

ஆக, என் முடிவும் அவள் வழக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எனக்கு அது அப்போதே தெரியும். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். அடுத்த கூட்டத்தில் ஜன்னல் திரைகளைப் பற்றிப் பேசினோம். அதற்கடுத்த கூட்டத்திலும் வேறு ஏதோ பேசினோம்.

ஜோடிப் போட்டியின் கடைசி ஆட்டம் அன்றைக்கு. தங்கைக்கு மணிக்கட்டில் பிடிப்பு. ஆடுவதற்கு முன்னால் கொஞ்சம் ஆவியில் காட்டினால் கை இளகும் என்றாள். நீராவி அறைக்குள் இருக்கும் அழைப்பு மணியைப் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மணி இல்லாதபோது தனியாகப் போகக் கூடாது, வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீ வெளிய இருக்கியாக்கா? எனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம்."

"இருக்கேன், போ."

"பாதியில எழுந்து போயிடாதே. உனக்கு உக்காந்த இடத்துல இருப்புக் கொள்ளாது."

"போடின்னா. ஆட்டத்துக்கு நேரமாகுது."

"மெஷினைக் கொஞ்சமா வை. ரொம்ப வெக்காதே, எனக்கு மூச்சு முட்டும்."

உள்ளே போனாள். கதவுக்கு வெளியே செருப்பு, வழக்கம்போல ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். மல்லாந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். செருப்பு இன்னும் வழியில்தானே இருக்கிறது என்று தோன்றியது. எடுத்து அடுக்கில் வைத்தேன். இதில் என்ன தப்பு இருக்கிறதென்று நீங்கள் சொல்லுங்கள். செருப்பு இருக்க வேண்டிய இடம் அடுக்கு.

பெருக்குகிற பெண் வாளியோடு வந்தாள். தரையைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். போனாள்.

இதைத்தான் முன்பு வந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அவள் ஒழுங்காக வேலை செய்கிறவள். அதற்காகத்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். அவள் தரையை மட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தும் கேட்டாள்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"செருப்பெல்லாம் எடுத்து வெச்சாச்சும்மா," என்றேன்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. இதிலும் பொய் இல்லை. அவளும் தலையாட்டிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள். குமிழைப் பற்றிக் கேட்டீர்களானால், அதை நான் முழுக்கத் திருப்பிவைத்தது உண்மை. அரைகுறையாகத் திருப்பினால் மெஷின் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதாக நினைவு. யார் என்று நினைவில்லை.

அப்புறம் கூடத்துக்குப் போனேன். எல்லாரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்காகக் காத்திருந்தார்கள்.

"எங்க வார்டன்மா நம்ம ஆட்டக்காரி? புருவம் வரையப் போயிட்டாங்களா?" என்றார் பல் டாக்டர்.

"அழைச்ச நேரத்துக்கு வரலன்னா இடம் காத்திருக்கிறவங்களுக்குப் போகும். அதானே ஒழுங்கு?" என்றேன்.

"நீங்க போட்டதாச்சே, நாங்க மீற முடியுமா? உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். மாஸ்டருக்கு எதிரே. அவர் முகம் பலகைக்கு அந்தப் பக்கம், அவ்வளவு கிட்டத்தில். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. கைகளை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். மாஸ்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துடுவாங்க, கொஞ்சம் பார்க்கலாமே" என்றார். பல் டாக்டர் ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார்.

எங்கள் கூடத்தில் ஆட்டம் தொடங்கினால் பாதிப்பேர் காது மெஷினைக் கழற்றிவிடுவார்கள். காய்கள் மோதுகிற சத்தம் அதற்குள் போய் ஆணி அடித்த மாதிரி இருக்குமாம். மாஸ்டரும் கழற்றித் தன் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். எனக்குக் காது இன்னும் நன்றாகவே இருக்கிறது. விடுதியில் எந்த அறையில் விழித்திருக்கிறார்கள் என்று படியேறும்போதே கண்டுபிடித்த காது.

அதனால் எனக்கு மட்டும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கதவைத் தட்டுகிற சத்தம். முதலில் விளையாட்டாகத் தட்டுவது போல. அப்புறம் உள்ளங்கையால். நடுவில் "அக்கா" என்றும் ஒருமுறை. நீங்கள் கேட்க நினைப்பது இதுதான் என்று தெரியும். ஆம், அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். வெகுநேரம் இருந்தாள். எழுந்து நடந்தால் நடைபாதையின் கோடிதான். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு நான் அசையவில்லை.

எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. இத்தனை நாளும் விட்டாயிற்று, இப்போதாவது அவரிடம் கேட்டுவிட வேண்டும். மாஸ்டர் வாசலைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "என்ன சொன்னீங்க?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அதற்கு மேலாக, கூடத்தில் நான் ஒருநாளும் பேசாத குரலில், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படிச் சொன்னேன்.

"இனிமே எப்பவும் நான் உங்க எதிர்லயே உக்காரட்டுமா?"