மத்தியான ஈரம்

கோயமுத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்த புதிது. எரிச்சலோடு தெருக்குழாய் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். பித்தளைக் குடம் வைத்திருந்தவள் சொன்னாள்: "இந்த வெய்யில்லயும் எங்கூட்டு வாசல் குளுகுளுன்னு இருக்குதுங்க."

"எப்படீங்க்கா?" என்றாள் மண்குடத்துக்காரி.

"மத்தியானம் நாங்க தூங்கறப்ப ஆரோ பொறவாசக் கெணத்துல தண்ணி சேந்தி வாசலுக்குத் தெளிச்சுபோட்டுப் போறாங்க. எந்திரிச்சுப் பாத்தா ஈரத்துல ஒரு சோடி கால்தடம் இருக்கும்."

"ஆருங்க அது?"

"தெரியலீங்க. கொழாய் வந்தப்பவே கெணத்துக் கவுத்தை அவுத்துபோட்டோம். வாசல் குளுந்தாச் சரின்னு உட்டுட்டோம்."

மண்குடத்துக்காரி சற்று விலகி நின்றாள்.

"அந்தத் தண்ணிய நாங்க குடிக்கறதில்லீங்க. முந்தாநேத்து நடைப்படியில ஒரு சொம்பு நெறைய வெச்சிருந்துது. என்ற மவ தாகத்துல குடிச்சுபோட்டா."

"அப்புறம்?"

"நேத்து எம்பக்கத்துலதான் தூங்குனா. எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல ரெண்டு சோடி கால்தடமுங்க. தூங்கறவ உள்ளங்காலைத் தொட்டேன். ஈரமா இருந்துது."

குழாயடியில் பித்தளைக் குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைத் தூக்காமல் வெயிலை அண்ணாந்து பார்த்தாள்.

"புள்ள ஊட்டுல தனியா இருக்கறா. இன்னும் மத்தியானம் ஆகலீங்களே?"