சந்திரனில் நிற்கிறவன்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். காதுக்கு ஒரு குறையும் இல்லை. கொடைக்கானலில், மேல்மலைக் கிராமமான போளூருக்குப் போகும் பஸ் புறப்படக் காத்திருந்தபோது, முன் சீட்டுப் பெண் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற தோழியிடம் கேட்டாள்.

"ஏண்டி, அந்த மனுசன் இன்னும் சந்திரன்லயேதான் கெடக்கானா?"

கீழே நின்றவள் பள்ளி விடுதியில் துணி தேய்ப்பவள். இவளும் கல்யாணத்துக்கு முன்பு அங்கேதான் வேலை பார்த்தாளாம். இவள் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாசிக்க, அவள் தேய்த்துக்கொண்டே கேட்பாளாம். போளூருக்குப் பத்திரிகை வருவதில்லை.

"அத விடு. பிள்ளைக கையில இப்ப வீடியோ கேம் வந்திருக்கு. சோப்பு டப்பா அளவுதான். உள்ள ஒரு குட்டி மனுசன் ஏணியில ஏறிக்கிட்டே இருக்கான்."

"அவன் ஏறட்டும். நம்மாள விட்டுட்டு ராக்கெட்டு போயிருச்சே, திரும்பி வந்துச்சா?"

"தெரியாது."

"வாராவாரம் வாங்குறவளுக்குத் தெரியாதாக்கும்."

"வாங்குறேன். கதைய மட்டும் கிழிச்சு அடுக்கி வைக்கிறேன். நீ போன பெறகு ஒரு வரி வாசிக்கல."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப அதையெல்லாம் எனக்குக் குடுத்து விடுடி."

"குடுக்க மாட்டேன். நீ தனியா வாசிச்சிருவ."

பஸ் நகர்ந்த பிறகு முன் சீட்டுக்காரி தலையை வெளியே நீட்டினாள்.

"தோட்டத்துல பூண்டு எடுத்து முடிஞ்சதும் வர்றேன். நீ தேய்ச்சுக்கிட்டே கேளு. அதுவரைக்கும் அவன் அங்கேயே நிக்கட்டும்."