எண்ணூறுக்கு அறுநூறு

இல்லலா பெவர்லி, அந்த ஸ்கிரீன் செட்டிங்க இப்பவே மாத்தாத. கேபிள்ல ஒண்ணும் கோளாறு இல்ல, நானே நேத்து ரெண்டு தடவ கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். ஃபாதர் உன்ன அனுப்பிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. பாயான் லெப்பாஸ்ல இஞ்சினியரா இருக்குற பிள்ள, எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனா ஒரு பத்து நிமிசம் பொறு. போன ஞாயித்துக்கெழம எப்படி இருந்துச்சோ, ரெண்டு ஸ்கிரீனும் அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அப்புறம் நீ என்ன வேணும்னாலும் செஞ்சுக்க.

நீ உக்காரு. நான் நிக்கிறேன்.

போன வாரம் நீ பூசைக்கு வரலல்ல? ஈப்போ போயிருந்தியா, சரி சரி. அதான் இவ்ளோ சாதாரணமா என் மூஞ்சியப் பாக்குற. வந்தவங்க யாரும் அப்படிப் பாக்கலம்மா. ஐயோ பாவம்னு ஒரு பார்வ, தோள்ல ஒரு தட்டு. கீபோர்ட் வாசிக்கிற பிரவின் இருக்கானே, வாயத் தொறந்தா மூடமாட்டான், அவன்கூட என்னப் பாத்து தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறான்.

பன்னெண்டு வருசமா தமிழ்ப் பூசைக்குப் பாட்டு ஸ்லைட் நான்தான் போடுறேன். இந்த லேப்டாப் எங்க கிலாங்ல, ஃபேக்டரி ஆபீஸ்ல, வேணாம்னு ஒதுக்குனது. வின்டோஸ் போட்டா மூச்சு வாங்கும், நானே லினக்ஸ் ஏத்துனேன். தூண்ல தொங்குற டீவி யாரோ குடுத்தது. அதுக்கும் இதுக்கும் அளவே ஒத்துவராது. லேப்டாப் ஸ்கிரீன் அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, டீவிக்கு ஆயிரத்து முன்னூத்து அறுபத்தாறுக்கு மேல ஏறாது. பக்கத்துல பக்கத்துல வச்சா, மவுஸ் கீழ்ப்பக்கமா போச்சுன்னா சுவத்துல முட்டுன மாதிரி நின்னுடும். மேல தூக்கிட்டுப் போனாதான் அங்கிட்டுத் தாண்டும். நீ சிரிக்கிற, நான் அதுக்கு ஒரு வாரம் மண்டைய ஒடச்சிருக்கேன்லா. ஆனா செட் பண்ணிட்டேன். இங்க என் வேல, அங்க பாட்டு மட்டும். பன்னெண்டு வருசத்துல ஒரு தடவகூட என் வேல அங்க போய் விழுந்ததில்ல.

ஆமா, போன வாரம் விழுந்துச்சு. ரெண்டு ஸ்கிரீன்லயும் ஒண்ணையே காட்டுற மாதிரி ஆயிடுச்சு. காணிக்கைப் பாட்டு நேரம், பை சுத்தி வருது, டீவியில பாட்டுக்குப் பதிலா ஐமானோட மெசேஜ். ஐமான் எங்க பழைய சூப்பர்வைசர், புக்கிட் தெங்கா கிலாங்ல. மலாய்லதான் எழுதியிருந்தாரு. அண்ணே, கிலாங்ல உங்கள நிறுத்தி மூணு மாசம் ஆச்சே, பக்கத்து கிலாங்ல செக்யூரிட்டி கார்டு வேல காலியா இருக்கு, வர்றீங்களான்னு. ரெண்டு சரணம் முடியுற வரைக்கும் அங்கயே நின்னுச்சு. ஃபாதர் பீடத்துல இருந்தாரு, அவருக்கு டீவி தெரியாது. மத்த எல்லாரும் படிச்சாங்க.

முப்பத்தொரு வருசம்மா. ஒரு நாள் மத்தியானம் கூப்ட்டு, நாளைலருந்து வேணாம்னுட்டானுங்க. வீட்டுல பொண்டாட்டிகிட்ட சொல்லல. சொல்லலாம்னு அன்னிக்கு சாயங்காலம் செருப்பக் கழட்டும்போதே நெனச்சேன். அமலம் அதுக்குள்ள கோப்பிய நீட்டிட்டா. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் அஞ்சே முக்காலுக்குச் சோறு கட்டி மேசையில வச்சிருக்கா, நான் என்ன செய்யட்டும்? யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு ஃபெர்ரி கப்பல் ஏறுனேன். அக்கர பட்டர்வொர்த் போய் அடுத்த ஃபெர்ரியில திரும்புனேன். கோயில் தொறந்திருந்துச்சு, இங்க வந்து உக்காந்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சது. ஃபாதர்கூட நம்ம ரேமண்டுக்குப் பக்தி கூடிப்போச்சுன்னு பிரசங்கத்துல சொன்னாரு, கேட்டியா? எனக்கு அப்படியே தரையப் பொளந்துக்கிட்டு உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

ஏய், அந்த மேல் அம்பு பட்டனத் தட்டாத! நான் முந்தி அடிச்ச பழைய கமாண்டெல்லாம் திரும்ப வரும், கொழப்பிக்குவ. இந்தா, கோப்பி குடி.

அமலமா? அதானே என் பிரச்சினையே. ஊரே படிச்சிருச்சு, அமலம் மட்டும் ஒரு வார்த்த பேசல. பூச முடிஞ்சதும் அவ யார்கிட்டயும் நின்னு பேசுற ஆள் இல்ல, நேரா மோட்டார்கிட்ட வந்துட்டா. இந்த ஜனங்க என்கிட்ட வந்து ஆறுதல் சொல்லுவாங்க, அவகிட்ட போய் யாரும் கேக்கமாட்டாங்க. நல்ல மனுசங்க, அதுதான் தொல்ல. திங்கக்கெழம அஞ்சே முக்காலுக்குச் சோறு மேசையில. செவ்வாக்கெழம சோறு. இன்னிக்கும் சோறு, கருவாட்டுச் சம்பல். எல்லாம் தெரிஞ்சு கட்டுறாளா, தெரியாம கட்டுறாளா?

அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேசனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பாட்டுப் புஸ்தகத்துல எழுத்து தெரியாது, அதுக்காகத்தான் டீவியில எழுத்த அவ்ளோ பெருசா வைக்கிறேன். ரேமண்ட் பஸ் ஸ்டாப் போர்டு எழுதுறான்னு பிரவின் கிண்டல் பண்ணுவான். போன்ல மெசேஜ் வந்தாலும் என்கிட்டதான் நீட்டுவா, படிச்சுக் காட்டுங்கன்னு. அவளுக்கு நான் என்னத்த எழுதி அனுப்ப? நான் எழுதுனத நானே படிச்சுக் காட்டணும்.

கேக்கலாமா? கேக்கலாம்லா, சுலபமா சொல்லிட்ட. படிச்சியான்னு கேட்டு, அவ என்னத்தன்னு திருப்பிக் கேட்டா?

என்ன பாக்குற? தட்டிட்டியா. தட்டாதன்னு சொன்னேன்ல.

ம். ஆமா. எண்ணூறுக்கு அறுநூறுன்னு ஸ்கிரீன் அளவ எறக்குன கமாண்டு. இல்ல, அது தானா அப்படி விழாது. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், அதான் ஃபாதர் உன் பேரச் சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமில்ல. தானா விழுந்திருந்தா ரெண்டு ஸ்கிரீனுக்கும் பொதுவா ஆயிரத்து இருபத்துநாலுல நின்னிருக்கும். அன்னிக்கு என் லேப்டாப்லயும் எழுத்து ஊதிப்போய் ஆள் மாதிரி நின்னுச்சு, கண்ணு தெரிஞ்ச நான் பாக்காம இருந்திருப்பேனா? நான்தான் அடிச்சேன். பூச ஆரம்பிக்கிறதுக்கு முந்தி. அந்த மெசேஜ் வெள்ளிக்கெழமயே வந்தது. காணிக்கைப் பாட்டுக்கு நான்தான் தொறந்து வச்சேன்.

டீவியோட சொந்த அளவுல போட்டா எழுத்து சின்னது, அவளுக்கு எறும்பு ஓடுற மாதிரி இருக்கும். எண்ணூறுல போட்டா பெருசா வரும். அதுக்கும் கீழ எறக்கிப் பாத்தேன், டீவி ஏத்துக்கல. அவ படிச்சாப் போதும், ஊர் படிச்சா படிக்கட்டும்னுதான். வாயால சொல்ல வரல பெவர்லி. இங்க பின்னாலருந்து அவ முக்காட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். தல டீவி பக்கம்தான் இருந்துச்சு. ஆனா அசையல. பாடிக்கிட்டே இருந்தா, அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

ஃபாதர்கிட்ட நீ என்ன சொல்லணுமோ சொல்லிக்க, நான் தடுக்கல. அதுக்கு முந்தி ஒரே ஒரு ஒத்தாச. உன் கண்ணாடி சரியான தடிமன், வந்ததுலருந்து பாத்துக்கிட்டிருக்கேன். அது இல்லாம உனக்கும் எல்லாம் கலங்கித்தானே தெரியும்? அத இங்க கழட்டி வச்சிட்டு, மெதுவா, பெஞ்சப் புடிச்சுக்கிட்டே போ. மூணாவது பெஞ்ச், தூண் ஓரமா. அவ எடம் அதுதான். நான் இங்கருந்து அந்த மெசேஜப் போடுறேன்.

உக்காந்துட்டியா? இப்ப டீவியப் பாரும்மா. மொத வரி மட்டும் போதும். படிக்க முடியுதா?