உங்க மெஷின்ல மட்டும் ஏன் விழல?

லோஷினி: மௌஸ விடுங்கண்ணே! கைய எடுங்க.

ஹேமநாதன்: அலமாக்… கோவத்தப் பாரு. நான் என்னா பண்ணேன்?

லோஷினி: "லோஷினி எழுதுன புரோகிராம்தான் க்ராஷ் ஆகி விழுது"ன்னு பாஸ்கிட்ட சொன்னது யாரு? என்னை வேலையிலருந்து தூக்கத்தானே மத்தியானம் மீட்டிங்?

ஹேமநாதன்: விழுதுதானே மா? சிகாமட் ஆத்தோரம் வைக்கிற வெள்ள எச்சரிக்கை சைரன் பெட்டி அது. தண்ணி ஏறுறப்ப பெட்டி ஊமையா நின்னா…

லோஷினி: நிக்கும்தான். ஏன் நிக்குதுன்னு கேட்டீங்களா?

ஹேமநாதன்: சரி லா… சொல்லு.

லோஷினி: பெட்டிய ஆன் பண்ணதும் என் புரோகிராம் மெமரியில ஏறுது. எங்க உக்காரணும்னு சிஸ்டம்தான் எடம் குடுக்குது. ஒவ்வொரு தடவையும் வேற எடம், பாதுகாப்புக்கு.

ஹேமநாதன்: எனக்கே பாடம் எடுக்கறியா?

லோஷினி: எடுக்க வேண்டியிருக்கே! அதுக்கப்பறம், நடக்கறத பதிஞ்சு வைக்க நீங்க எழுதுன லாக் லைப்ரரி வருது. அது யாரையும் கேக்கறதில்ல. "எனக்கு இந்த அட்ரஸ்தான்"னு நேரா போயி உக்காருது.

ஹேமநாதன்: பழைய சர்க்யூட் போர்டுல அந்த எடம் எப்பவும் காலி மா.

லோஷினி: இது பழைய போர்டா? சாப்பாட்டுக் கடையில டிஷ்யூ பாக்கெட் வெச்சு எடம் புடிக்கிறாங்களே, அதுலகூட ஒரு மரியாதை இருக்கு. காலி மேசையிலதான் வைப்பாங்க. உங்களுது, ஆளு சாப்புடுறப்பவே மடியில ஏறி உக்காருது! என் புரோகிராம அழிச்சிட்டு!

ஹேமநாதன்: மெதுவா பேசு… எல்லாத் தடவையுமா விழுது?

லோஷினி: என் புரோகிராம அந்த எடத்துல உக்கார வெச்சா மட்டும். அதான் ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் படுத்துருது. ஆனா உங்க மெஷின்ல மட்டும் ஏன்ணே ஒரு தடவகூட விழல?

ஹேமநாதன்: அது… என் ராசி லா.

லோஷினி: ராசியா! எடம் மாத்திக் குடுக்கறத ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க, அங்க என் புரோகிராம் எப்பவும் வேற எடத்துலயேதான் உக்காரும். அப்ப தெரியும் உங்களுக்கு! தெரிஞ்சே என் தலையில கட்டிருக்கீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்து, என் டப்பாவுலருந்து சம்பால் எடுத்துத் தின்னுக்கிட்டே… வெக்கமா இல்ல?

ஹேமநாதன்: ஷ்ஷ்… கேளு மா. எனக்கு ரெண்டு புள்ளைங்க. நீ சின்னப் பொண்ணு, சிங்கப்பூர்ல நாளைக்கே வேலை கெடைக்கும்.

லோஷினி: வேலை தெரியாதவன்னு பேரு வாங்கிட்டா அங்க போவேன்?

ஹேமநாதன்: நீ போனதும் சத்தமில்லாம அட்ரஸ மாத்திடறேன்… சத்தியமா. மீட்டிங்ல எப்பவும்போல என் மெஷின்ல ஓட்டிக் காட்டறேன். நீ மட்டும் வாய தொறக்காத.

லோஷினி: தொறக்கல.

ஹேமநாதன்: நல்ல புள்ள…

லோஷினி: நான் எதுக்குத் தொறக்கணும்? நீங்க தே தாரிக் குடிக்கப் போனப்ப, உங்க மெஷின்ல எடம் மாத்தறத ஆன் பண்ணி, திரும்பத் திரும்ப ஓட்டிட்டேன். படுத்துருச்சு. பாஸ் என் பக்கத்துலதான் நின்னாரு. இப்ப அந்த மீட்டிங் எனக்கில்லண்ணே, உங்களுக்கு.