கயிறோடு நின்றவர்

அருவியில் குளித்து ஏறுகிறவர்களுக்கு முதலில் வருவது பசிதான், மேடம். தலையைத் துவட்டியும் துவட்டாமலும் நேரே பஜ்ஜிக் கடைக்குப் போவார்கள். எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பார்கள், குரங்கைப் பார்ப்பார்கள். மேலே பாறையில் விசிலோடு உட்கார்ந்திருக்கும் இந்த நமசிவாயத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். ஆரம்பத்தில் இருந்ததில்லை.

என் வேலை தண்ணீரைப் பார்ப்பது. மலைக்கு மேலே மழை விழுந்தால், குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். முதலில் சருகும் சுள்ளியும் வந்து விழும். அப்புறம் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அதற்கப்புறம் வருவதன் முன்னால் மனுஷன் நிற்க முடியாது. சருகு விழும்போதே நான் ஊதிவிடுவேன். சனம் திட்டிக்கொண்டே ஏறும்.

"ஏலே, இப்பதாம்லே தலைய நனைச்சேன். அதுக்குள்ள ஊதுதான் பாரு, ரயிலு கார்டு கணக்கா."

வெள்ளம் வரும், போகும். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆகாததைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

போன சுதந்திர தினத்தில் எங்கள் இலஞ்சிக்காரன் மகாதேவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஆற்று வெள்ளத்தில் ஒரு பெரியவரைத் தோளில் தூக்கி வந்தவன். பேரிடர் காலச் சேவைக்கான அரசுப் பதக்கம். சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்து போனான். என் வீட்டுக்காரி உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அவன் ஒருத்தரத் தூக்குனான். நீங்க ஊருப்பட்ட சனத்த ஏத்திவிட்டிருக்கீய. போயிக் கேக்க வேண்டியதுதான?"

போய்க் கேட்டேன். கலெக்டர் அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார்.

"யாரக் காப்பாத்துனீங்க அண்ணாச்சி? பேரு சொல்லுங்க. அவங்க வந்து சாட்சி சொல்லணும்லா."

"விசில் கேட்டு ஏறுனவங்க எல்லாரும்தான்."

"அவங்களுக்கு என்ன ஆபத்து வந்துச்சு?"

"வரலயே. அதுக்குத்தான ஊதுனேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஆபத்தே வராம, காப்பாத்துனதா எப்படி அண்ணாச்சி எழுத?"

அவர் சொன்னது நியாயம். எனக்கு ஒரு பெயர் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஐப்பசியில் எங்கள் அருவியில் கூட்டம் இருக்காது. காவலுக்கு நான் ஒருத்தன்தான். பெண்கள் பகுதியில், ஓரக் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மீதியைச் சுருட்டிப் பாறை இடுக்கில் வைத்தேன். ஏன் பெண்கள் பகுதி என்று கேட்கிறீர்கள். ஆண்கள் பாறைக்குப் பாறை தாவி ஏறிவிடுவார்கள், மேடம். நனைந்த துணியோடு பெண்களால் அப்படி ஏற முடியாது.

அன்றைக்கு வீரகேரளம்புதூர் பக்கமிருந்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்தது. ஜாஹிரா பீவி, அவர் மகள் ஹஃப்சா, மருமகள் மிஸ்ரியா. பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஜாஹிரா பீவிக்குச் சளி. மாற்றுத் துணியைக் கையில் போட்டுக்கொண்டு படியிலேயே நின்றார்.

"ஏட்டி, சீக்கிரம் ஏறுங்க. சோறு ஆறிப்போவுது."

"உம்மாவுக்குக் குளிக்க முடியலன்னு பொறாம, மைனி," என்றாள் ஹஃப்சா. மிஸ்ரியா சிரித்தாள்.

சருகு விழுந்தது. விசிலை வாயில் வைத்தேன். வைத்தபடியே பாறையிலிருந்து இறங்கினேன். கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். இங்கே ஆம்பளைக்கு என்ன வேலை என்பதுபோல மிஸ்ரியா என்னைப் பார்த்துவிட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தண்ணீர் நிறம் மாறியது. அப்புறம் ஊதினேன்.

என் கணக்கில் சாவு கிடையாது, மேடம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்து விழுந்ததும் இரண்டு பேரும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மிஸ்ரியா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள். இழுத்துத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தேன். பஜ்ஜிக் கடையிலிருந்து சனம் ஓடி வந்தது. எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்திருந்தது. அவளுக்கு மூச்சு நன்றாகவே இருந்தது. இருந்தாலும் கிடத்தி, குனிந்து பார்த்தேன், கன்னத்தைத் தட்டினேன். எடுக்கிறவர்கள் எடுக்கட்டும் என்று கொஞ்சம் நிதானமாகவே செய்தேன்.

"அண்ணாச்சி, இன்னொருத்தி இருக்கா அண்ணாச்சி. எம்மவ இருக்கா."

ஜாஹிரா பீவி கத்தவில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்று கையிலிருந்த உலர்ந்த துணியை நீட்டிக்கொண்டிருந்தார், மகள் அதைப் பிடித்து ஏறிவிடுவாள் என்பதுபோல. துணி பாதித் தூரம்கூட எட்டவில்லை. நீட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கயிறும் இடுப்பில்தான் இருந்தது. ஹஃப்சா கம்பியை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கிடைத்துவிட்டது என்று மனசில் ஓடியது. கால் நகரவில்லை. அடுத்து நான் பார்த்தபோது கம்பி மட்டும் இருந்தது. சாயங்காலம் கீழே ஓடையில் கிடைத்தாள்.

குடியரசு தினத்தில் எனக்குப் பதக்கம். மிஸ்ரியாதான் சாட்சி. நன்றியோடு, நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தாள்: "விசில் சத்தம் கேக்கதுக்கு முன்னாலயே அண்ணாச்சி கயிறோட வந்து நின்னுட்டாங்க." அதையே அழகாக்கி மைக்கில் வாசித்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, கயிற்றுடன் தயாராக நின்றவர். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

முன்வரிசையில் இருந்த ஜாஹிரா பீவி எழுந்து என்னிடம் வந்தார்.

"தயாராவா நின்னீங்க, அண்ணாச்சி?"

"ஆமா."

"அப்ப ஏன் முன்னாலயே ஊதல?"

நான் பதக்கத்தின் ஊசியைச் சரிசெய்துகொண்டேன். அவர் பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டார். மேடையில் இருந்தவர்களிடமும் கேட்டார். "பாவம், துக்கத்துல பேசுதாங்க," என்று சொல்லி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மிஸ்ரியா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். ஜாஹிரா பீவி அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது வந்து பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். குளிப்பதில்லை, சாப்பிடுவதும் இல்லை. பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் இருக்கும்போது எந்த இலை விழுந்தாலும் ஊதிவிடுகிறேன். காற்றில் விழுந்த இலைக்கும் ஊதுகிறேன். சனம் ஏறி நின்று பார்க்கும், தண்ணீர் தெளிவாகவே விழுந்துகொண்டிருக்கும். "அண்ணாச்சிக்குப் பதக்கம் தலைக்கேறிட்டு," என்று சிரிக்கிறார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

பதக்கம் இந்தா இருக்கிறது. விசிலையும் வைத்துக்கொள்ளுங்கள். சருகைப் பார்த்தும் ஊதவில்லை, வேண்டுமென்றேதான். கயிறு இருந்தும் ஹஃப்சாவிடம் போகவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அன்றைக்கு நான் அங்கே இல்லாமல் போயிருந்தால் மிஸ்ரியாவும் செத்திருப்பாள்.